இருபது வரை எண்ணும் விளையாட்டு

சிறுமி ஹவ்ரா மண்ணில் கால் வைக்காமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. காலையில் அவளுடைய அம்மா சுகைனா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். பாலர் பள்ளியின் சிமெண்ட் முற்றம் வந்ததும் இறக்கிவிடுவாள். மதியம் அதே இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போவாள். ஐந்து வயதுப் பெண்ணை ஏன் சுமக்கிறாய் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

போர் ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது. அதன் கடைசி நாட்களில் கொட்டிய கொத்துக் குண்டுகளில் வெடிக்காதவை பெய்ரூட்டுக்குத் தெற்கே எங்கள் பகுதி முழுவதும் புகையிலைக் கொல்லைகளிலும் ஒலிவத் தோப்புகளிலும் கிடந்தன. அக்டோபரில் ஒலிவக் காய் பறிக்கப் போன இடத்தில் ஹவ்ராவின் அண்ணன் ஜவாத் அப்படி ஒன்றைக் கையில் எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை, அதன் தலையில் ஒரு வெள்ளை நாடா. அவனுக்கு வயது பதினொன்று. ஹவ்ரா நாலைந்து மரம் தள்ளிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் எதை எடுத்தான் என்பதை அவள் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டாள்.

அதற்கு முன் நான் பெய்ரூட் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் குண்டு அகற்றும் குழு ஒன்றில் சேர்ந்தேன். தோண்டுவது என் வேலை இல்லை. எந்த நிலம் சுத்தம், எது இல்லை என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்வதும், பள்ளிகளுக்குப் போய்ப் படம் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும்தான். பாடம் நாலு வரி. தொடாதே. கிட்டே போகாதே. வந்த வழியே திரும்பு. பெரியவர்களிடம் சொல். ஹவ்ரா அதை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொல்வாள். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டாள், தன் செருப்பைப் பார்ப்பாள்.

மார்ச் கடைசியில் அந்தப் பள்ளியின் ஆசிரியை ரிஹாப் என்னை வழியில் நிறுத்தினாள்.

"உங்க பாடம் ரொம்ப நல்லா வேலை செய்யுது, உஸ்தாத் நஸீப்."

"அப்படியா?"

"நேத்து முற்றத்துல ஒரு சாணவண்டு வந்துச்சு. நம்ம கர்ரார் ‘கிட்டே போகாதே’ன்னு ஒரு கத்து. பதினாலு பிள்ளைங்களும் அப்படியே பின்பக்கமா நடந்து கிளாஸுக்குள்ள வந்துட்டாங்க. அந்த வண்டுக்குத்தான் ஒண்ணும் புரியலை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பின்னாடி தோட்டம் சுத்தமா? உறுதியாச் சொல்லுங்க."

"சுத்தம். முழம் முழமாப் பார்த்திருக்காங்க. காகிதம் என்கிட்ட இருக்கு."

"அப்ப நான் இவங்களுக்குப் பூச்சி காட்டப் போறேன். தரையில கிடக்கறது எல்லாமே சாவுன்னு நினைச்சுக்கிட்டு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது. முக்கியமா அந்தப் பொண்ணு. செப்டம்பர்ல அவ போயாகணும். அங்க முற்றமே மண்ணு. அவ அம்மா அங்கயும் தூக்கிக்கிட்டே நிப்பாளா?"

முதலில் ரொட்டி சுடும் தட்டு ஒன்றில் தோட்டத்து மண்ணை நிரப்பி மேசைமேல் வைத்தாள். அதில் எறும்பு, மரவட்டை, பொடிமண்ணில் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானை. விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். எதைப் பார்த்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருபது வரை எண்ண வேண்டும். நகர்ந்தால் அது விருந்தாளி, கை நீட்டலாம். நகராவிட்டால் மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். அவர்களுக்கு இருபதுவரைதான் எண்ணத் தெரியும்.

நான் வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்ப்பேன். கர்ரார் மரவட்டைக்குத் தன் அப்பா பெயரை வைத்திருந்தான். "தொட்டா சுருண்டு படுத்துக்குது மாமா. எங்கப்பாவும் வேலைன்னா அப்படித்தான்" என்று என்னிடம் விளக்கினான். ஹவ்ரா நாற்காலியில் கால்களை மேலே மடக்கி வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை இறக்கியது எள். காலை ரொட்டியில் தைம் இலைத் தூளோடு தூவிய எள் சிமெண்டில் சிந்தும். எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு நாள் அவள் எழுந்து ஓர் எறும்பின் பின்னாலேயே நடந்து சிமெண்ட் முடிகிற இடம்வரை போனாள். எறும்பு மண்ணில் இறங்கிப் போய்விட்டது. அவள் விளிம்பில் குந்தினாள். மறுநாளும் அங்கேதான் இருந்தாள். ரொட்டியைத் தின்னாமல் எள்ளை மட்டும் நகத்தால் பெயர்த்து விளிம்பில் வரிசையாக வைத்தாள். ரிஹாப் கிட்டே போகவே இல்லை. பத்தாவது நாளோ என்னவோ, எள் சுமந்த எறும்பு ஒன்று ஒரு செடியின் இலைக்கடியில் மறைந்தபோது, அது எங்கே போயிற்று என்று பார்க்க அவள் ஒரு காலை இறக்கினாள். பிறகு மற்றதையும்.

அன்று மதியம் சுகைனா வந்தபோது அவள் மகள் தோட்டத்தில் குப்புறப் படுத்துக் கல்லுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததை நாலாவது தடவையாகக் கர்ராருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுகைனா கதவருகிலேயே நின்றாள்.

"இவ சிரிச்சா இப்படித்தான் இருக்கும்ங்கறதே மறந்துபோச்சுண்ணே" என்றாள் என்னிடம்.

அன்று இருவரும் கைகோத்து வீட்டுக்கு நடந்து போனார்கள்.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. ரிஹாப் உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் தோட்டத்தில் இருந்தார்கள். ஹவ்ரா கைகளைப் பின்னால் கட்டியபடி உள்ளே வந்தாள்.

"மிஸ், சுவத்துல ஒண்ணு தூங்குது."

"என்ன அது, செல்லம்?"

"தெரியலை. இருபது எண்ணினேன். நகரலை. மறுபடியும் இருபது எண்ணினேன்."

"எப்படி இருக்கு?"

"கல்லு இடுக்குல உள்ள போய் ஒளிஞ்சிருக்கு. வெள்ளை வால் மட்டும் வெளியே தெரியுது." அவள் யோசித்தாள். "ஊதிப் பார்த்தேன். வால்தான் ஆடுச்சு. அதுக்கு மூச்சு இல்லை மிஸ்."

ரிஹாப் காபிக் குடுவையை மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. என்னை அவள் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சிமெண்ட் விளிம்பில் நின்று, எப்போதும் பேசும் குரலில் சொன்னாள்.

"இப்ப எல்லாரும் எறும்பு. ஓடற எறும்புக்கு எள்ளு கிடையாது. ஒருத்தர் பின்னால ஒருத்தர், வந்த வழியே, என்கிட்ட வாங்க."

"நான்தான் ராஜா எறும்பு" என்றான் கர்ரார்.

"எறும்புல ராணிதான்டா, மண்டு" என்றாள் ஒரு சிறுமி.

"அப்ப நான் ராணி."

பதின்மூன்று பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நான் எண்ணினேன். கடைசியில் வந்தவன் நின்று ஒரு கல்லை எடுக்கப் போனான். ரிஹாப் அவன் பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் வந்துவிட்டான்.

அந்தக் குண்டு, தோட்டத்தின் ஓரத்தில் சரிவைத் தாங்கும் கற்சுவரின் இடுக்கில் இருந்தது. மேல் தோப்பிலிருந்து குளிர்கால மழை அதை இறக்கிக் கொண்டுவந்து அங்கே செருகியிருக்க வேண்டும். குழு தரையைத்தான் பார்த்திருந்தது. சுவரைப் பார்க்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் பிள்ளைகளுக்குக் காட்டிய படங்களிலும் குண்டு எப்போதும் தரையில்தான், முழுசாகத் தெரியும்படி கிடக்கும்.

அதை அங்கேயே வைத்து மறுநாள் வெடிக்கச் செய்தார்கள். தெருக்கோடியில் சிவப்பு நாடாவுக்கு இப்பால் நாங்கள் நின்றோம். சத்தம் கேட்டதும் சுகைனா மகளின் காதைப் பொத்தினாள். அதற்குள் தாமதமாகிவிட்டது. ஹவ்ரா அழவில்லை. அந்தச் சத்தத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அதுக்கு உயிர் இல்லைன்னு சொன்னேனே" என்றாள் ரிஹாபிடம். "அப்புறம் ஏன் கத்துது?"

சுகைனா என் பக்கம் திரும்பினாள்.

"சுத்தம்னு சொன்னது நீங்கதானே?"

"தரையைப் பார்த்தோம்மா."

"என் பொண்ணு சுவத்துல முகத்தை வெச்சிருந்தா."

சுகைனா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அதே சுவரில் இன்னும் இரண்டு கிடைத்தன. தோட்டத்துக்கு நாடா கட்டினார்கள். இருபது எண்ணும் சட்டம்தான் ஹவ்ராவைக் காப்பாற்றியது என்று நான் ரிஹாபிடம் சொன்னேன். அது உண்மையும்கூட.

"அந்தச் சட்டத்தாலதான் அவ ஊதற தூரத்துக்குப் போனா" என்றாள் அவள். "வந்து உங்க பாடத்தை மறுபடியும் நடத்துங்க. நான் சொன்னா இப்ப கேட்க மாட்டாங்க. நான் விளையாடறேன்னு நினைப்பாங்க."

நான் போய் நடத்தினேன். படங்களோடு புதிதாக ஒரு சுவர்ப் படமும் கொண்டுபோனேன். கீழே தெரியாத பொருள் ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கர்ரார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "படுத்துப் பார்ப்போம், கால் இருக்கான்னு" என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். இல்லை என்றேன். குழியானை என்றால்கூடவா என்று கேட்டான். குழியானை என்றால்கூட என்றேன். எட்டு வாரத்தில் ரிஹாப் கற்றுக்கொடுத்ததை நான் முக்கால் மணி நேரத்தில் அவர்களிடமிருந்து பறித்துவிட்டேன்.

ஹவ்ராவைக் கடைசியாகக் கேட்டேன். நாலு வரியையும் தடுமாறாமல் சொன்னாள். செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கிளம்பும்போது பார்த்தேன். தட்டிலிருந்த மண்ணை யாரோ கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். முற்றத்தில் எறும்புகள் எள்ளைச் சுமந்துகொண்டு நாடாவுக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தன. சிமெண்ட் விளிம்பிலிருந்து நாலடி இப்பால் ஹவ்ரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எறும்புகளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தோட்டம் முழுவதையும் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது தடவை பாதியில் அவளுடைய அம்மா வந்து தூக்கிக்கொண்டாள்.