கிணற்றடி வீட்டுக்காரர்

“திரும்பத் திரும்பக் கூப்பிட்டேங்க்கா. துறைமுகத்துல இருக்கிற ஹமாகாவா அவர்களே, உடனே மேட்டுக்கு வாங்கன்னு. நிமிர்ந்துகூடப் பார்க்கல.”

“இங்க நிக்கிற எல்லாருமே ஹமாகாவாதான் தம்பி. தன்னைத்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

நொபுயே இப்படிக் கேட்டதும் குதோ விழித்தான். மலையடிவார ஊரிலிருந்து எங்கள் நகராட்சிக்கு இந்த வசந்தத்தில்தான் மாற்றலாகி வந்தவன். மேட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில், ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தான். பக்கத்தில் இருந்த திரையில் துறைமுகம் தெரிந்தது. கொட்டகை வாசலில் ஒரே ஒருவர் குந்தி, கடற்பாசியின் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தார். நொபுயேயின் கணவர், கிணற்றடி வீட்டு ஜின்பாச்சி.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன், மெய்ஜி பேரரசர் காலத்தில், ஜப்பானில் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எங்கள் ஊரில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. கரையும் ஆறும் கண்ணெதிரே இருந்தன. ஹமா என்றால் கரை, காவா என்றால் ஆறு; ஊர்த்தலைவர் ஹமாகாவா என்றார், எல்லோரும் தலையாட்டினார்கள். தபால்காரருக்கு அது போதும். எங்களுக்குள் இன்றுவரை வீட்டுப் பெயர்தான்: கிணற்றடி, மேல்வலை, உப்புக்கொட்டகை. அதனால்தான் குதோ கூப்பிட்டபோது மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. மேல்வலைக் கிழவர், தான் இன்னும் உயரமாக ஏற வேண்டுமா என்று கேட்டார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நிலம் ஆடி நின்றதுமே கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளின் இயந்திரக் குரல் சுனாமி வரும் என்று எச்சரித்துவிட்டது. போன வருஷமும் அதே குரல், அதே நிதானம். அன்று வந்த அலை கணுக்காலைத்தான் நனைத்தது. அன்றிலிருந்து ஜின்பாச்சிக்கு அந்தக் குரல் வானொலியில் வரும் விளம்பரம் மாதிரி.

நொபுயே மைக்கைக் கேட்டாள். எழுதித் தந்த வாசகத்தைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது, அதுவும் ஊழியர்தான் சொல்ல வேண்டும் என்று குதோ தயங்கினான். அப்போது நடுக்கடல் மிதவை காட்டும் அலை அளவு திரையில் சிவப்பாக மாறியது. கடல் அங்கே ஏற்கெனவே உயர்ந்துவிட்டது. அவன் மைக்கை நீட்டினான்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். விரிகுடா முழுக்க அவள் மூச்சு கேட்டது.

“கிணத்தடி வீட்டுக்காரரே, நான்தாங்க, நொபுயே. மிஷின் இல்ல. கத்தியை அங்கேயே போட்டுட்டு, அப்படியே எந்திரிச்சு மேல வாங்க.”