சிஸ்தோ வீட்டுப் புகை

என் மனைவி தனிலாவுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. கடையில் முட்டை வாங்கினால்கூட ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் என் பழைய முதலாளியைத் தேடிப்போய், நான் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்தவள். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் வல்சோர்தாவில் குளிர்காலத்துக்கு அறை தேடுகிறவனுக்கு இப்படி ஒரு மனைவி வேண்டும்தான். பனிச்சறுக்குக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டால் அந்த ஊரில் எல்லாமே யானை விலை. நாங்கள் இருவரும் கோடையில் கடற்கரை விடுதிகளிலும் குளிர்காலத்தில் மலையிலும் வேலை பார்ப்பவர்கள். வல்சோர்தாவில் நான் மலைக்குக் கம்பியில் ஏறும் லிஃப்டில் நின்று நாற்காலிகளில் ஆட்களை ஏற்றி இறக்குவேன். அவள் பெரிய ஓட்டல் ஒன்றின் சமையலறையில். தங்குவதற்கு அவளுக்கு ஊழியர்களின் பெண்கள் கொட்டடியில் ஒரு மேல் படுக்கை, எனக்கு ஆண்கள் கொட்டடியில் ஒரு கீழ் படுக்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலம்கூட ஒரே கூரைக்கடியில் தூங்கியதில்லை. ஞாயிறு மதியம் காபிக்கடையில் புதிதாகக் காதலிக்கிறவர்கள் மாதிரி சந்தித்துக்கொள்வோம். முதல் வருஷம் அது நன்றாகத்தான் இருந்தது.

"இந்தக் குளிருக்கும் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னா நான் வரல லோரிஸ்," என்று இந்த முறை சொல்லிவிட்டாள். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் வசந்தத்துல வந்து கூப்பிட்டுப் பாரு. வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அதனால் பனி விழுவதற்கு முன்பே போய்த் தேடினோம். ஒருவன் படத்தில் காட்டிய அறை, நேரில் பார்த்தால் சறுக்குக் கட்டைகள் வைக்கும் அலமாரி. அதற்குள் ஒரு மெத்தையைத் திணித்திருந்தான். ஒருத்தி முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னாள். தனிலா அந்த வீட்டு முகவரிக்கே நடந்துபோய்ப் பார்த்தாள். அங்கே ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது.

அப்போதுதான் சிஸ்தோ வந்தார். லிஃப்டுக்குக் கீழே நான் வலை கட்டிக்கொண்டிருந்தேன். எழுபது வயதிருக்கும், பழைய கம்பளித் தொப்பி. கொஞ்ச நேரம் நின்று நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்தார்.

"தம்பி, அறை தேடறீங்களாமே. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"காலைல சீக்கிரம் எந்திரிப்பீங்களா? விறகடுப்பு மூட்டத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் சொன்ன வாடகை, அந்த ஊரில் ஒரு இரவுக்கு வாங்குவது. அவர் கேட்டது ஒரு மாதத்துக்கு.

தனிலாவிடம் சொன்னதும் முகம் மாறியது. "அந்தக் காசுக்கு இந்த ஊர்ல நாய்க்கூண்டு கூடக் கிடைக்காது. என்ன பண்ணப் போறான் நம்மள?"

"வயசானவரு தனிலா."

"வயசானவன் கெட்டது பண்ண மாட்டானா? கெட்டது பண்றவனுக்கு வயசே ஆகாதா?"

வீடு ஊரின் பழைய பக்கத்தில், மரத்தால் கட்டியது. சமையலறை, அதில் பெரிய இரும்பு அடுப்பு, அதையொட்டிச் சூடான ஓர் அறை. நான் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேருக்கான மெத்தை. எனக்கு அது போதும். சிஸ்தோவோ நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவர் குளிர்காலம் முழுக்க ஊரில் இருக்கப்போவதில்லை. தினமும் விடிந்ததும் அடுப்பை மூட்ட வேண்டும், இருட்டும்வரை அணையக்கூடாது. அழைப்பு மணியில் எங்கள் பெயரை ஒட்டக்கூடாது. வாரம் ஒரு முறை அவருடைய சட்டைகளை நனைத்து மாடத்துக் கொடியில் காயப்போட வேண்டும்.

"போட்டுக்காத சட்டைய எதுக்குத் துவைக்கணும்?" என்றாள் தனிலா.

"துவைக்க வேணாம்மா. நனைச்சுப் போட்டா போதும்." கொஞ்சம் இருமினார். "யாராவது கேட்டா, என் அக்கா பொண்ணும் மாப்பிள்ளையும்னு சொல்லுங்க. ஒத்தாசைக்கு வந்திருக்கோம், மாமா இருமலோட உள்ள படுத்திருக்காருன்னு."

"யாரு கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க. கேட்டா."

மறுநாள் பேருந்தில் கிளம்பினார். ஒரு பெட்டி, தோளில் நீளமாக ஒரு துணிப்பை. பேருந்து திரும்பும் வரை தனிலா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துப்பாக்கி," என்றாள். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய், அவர் கொடுத்த சாவிக்கு இன்னொரு சாவி செய்துகொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "என்னைக்காவது பூட்டி வெச்சுட்டு நம்ம சாமானத் தர மாட்டேன்னா?" என்றாள்.

இதையெல்லாம் கிண்டலாகச் சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். வேலை முடிந்து வந்தால் ஜன்னலில் விளக்கு. அடுப்பின் மேல் சோளக்களி கிண்டும் சத்தம். தூக்கத்தில் அவளுடைய குளிர்ந்த கால்கள் என் முதுகில் வந்து ஒட்டிக்கொள்ளும், நான் திட்டுவேன், அவள் தூங்குவதுபோல் நடிப்பாள். கல்யாணம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள். நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தி மண்ணைக் கிளறினாள். கிழவர் யாரையோ கொன்றுவிட்டு ஓடியிருக்கிறார் என்று ஒரு வாரம். இவர் சிஸ்தோவே இல்லை, உண்மையான சிஸ்தோ எப்போதோ செத்துவிட்டார், அவருடைய ஓய்வூதியத்தை வேறு யாரோ வாங்குகிறார்கள் என்று ஒரு வாரம். மாடத்துக் கொடியில் அந்தச் சட்டைகள் குளிரில் விறைத்து, ஆள் உள்ளே இருப்பதுபோலக் கையை விரித்து நிற்கும்.

எதிர்வீட்டில் ஒலீவா என்று ஒரு கிழவி. காலையில் ஜன்னலைத் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்ப்பாள்.

"நம்மள வேவு பாக்கறா," என்றேன் நான். நானும் கெட்டுப்போயிருந்தேன்.

தனிலா திரைக்குப் பின்னால் நின்று வெகுநேரம் கவனித்தாள். "நம்மள இல்ல லோரிஸ். அவ நம்ம கூரைய பாக்கறா. புகையப் பாக்கறா." திரும்பினாள். "அந்த ஆளும் அடுப்பு, அடுப்புன்னுதானே அடிச்சுக்கிட்டான்? இது யாருக்கோ குடுக்கற சைகை. நாளைக்கு நாம மூட்ட வேணாம். யாரு ஓடி வராங்கன்னு பாப்போம்."

"பைத்தியமா உனக்கு? நல்லா இருக்கோம், இருந்துட்டுப் போவோமே."

"எதுக்கு நல்லா இருக்கோம்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

சண்டை போட்டேன். தோற்றேன். இரண்டு நாள் கோட்டைப் போட்டுக்கொண்டே ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றோம். மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது.

ஒலீவாவும், அவளுக்குப் பின்னால் பாவுஸ்தோ என்று ஒரு உயரமான மனிதரும். அந்த ஊர்க் காடும் மேய்ச்சல் நிலமும் பழைய குடும்பங்களுக்குப் பொது. அதற்கு அந்த வருஷத் தலைவர் அவர்தான். கால் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"சிஸ்தோ எங்க?"

"மாமா இருமலோட படுத்திருக்காரு," என்றாள் தனிலா, கண்ணிமைக்காமல்.

பாவுஸ்தோ கையுறையைக் கழற்றி, அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

"இருமல்காரன் படுத்திருக்கற வீட்டுல அடுப்பு பனிக்கட்டியா இருக்கேம்மா."

தனிலா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். காட்டில் பங்கு ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. குளிர்காலத்தில் அடுப்பெரியும் வீடுதான் இந்த ஊர் வீடு. வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளிக்குப் போனவன் பங்கை விட்டவன். விறகு, கூரைக்கு மரம், கூட்டத்தில் பேச ஒரு குரல், எல்லாம் போய்விடும். அவனுக்கு மட்டுமில்லை, அவன் பிள்ளைகளுக்கும்.

"ஒருதடவ அணைஞ்சா அணைஞ்சதுதான். ஆனா அதக் கூட்டம்தான் முடிவு பண்ணணும், அது ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள சிஸ்தோ இந்த அடுப்புகிட்ட உக்காந்திருக்கறத நான் பாக்கணும்."

"நாங்க மூட்டினோமே இத்தன நாளா," என்றேன்.

"மாமாவாம் மாமா. நீங்க வாடகை குடுக்கறவங்க," என்றாள் ஒலீவா. "காசு வாங்கிட்டு ஆள் வெச்சா அது விடுதி. இந்த ஊர்ல விடுதிக்கா பஞ்சம்? வீட்டுக்குத்தான் பஞ்சம்."

அவர்கள் போனதும் நான்தான் சிஸ்தோவுக்குப் போன் செய்தேன். கடற்பறவைகள் கத்தும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"விறகு தீந்துபோச்சா?" என்றார்.

"இல்லைங்க."

மறுநாள் பேருந்தில் வந்து இறங்கினார். அதே பெட்டி, அதே நீளப் பை. பைக்குள் தூண்டில். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் பலமுறை நின்று, சட்டைப்பைக்குள்ளிருந்து மூச்சு மருந்தை எடுத்து இழுத்துக்கொண்டார். மலைக் காற்று ஆகாது, கடலோரமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சீசன் இல்லாத கடற்கரையில் அறை மலிவு. நாங்கள் கொடுத்த வாடகை அப்படியே அங்கே போயிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம். நிலவறையில் உருளைக்கிழங்கு மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாவுஸ்தோ வந்து பார்த்தார். சிஸ்தோ அடுப்பருகே இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்கு பிழைத்தது. வாடகைக்காரர்கள் போக வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்கள். சிஸ்தோ எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தனிலா பெட்டியைக் கட்டிவிட்டு, சாவியை மேசைமேல் வைத்தாள். ஒரு சாவியை.

மறுபடி அவள் மேல் படுக்கைக்கும் நான் கீழ் படுக்கைக்கும் போனோம். ஞாயிறு காபிக்கடையில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "இந்த மாசச் சம்பளம் வாங்கினதும் நான் அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள். "உன் மேல கோவம் இல்ல. என் மேலதான்." எனக்கு அழுகை வந்தது. லிஃப்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மேல் நிலையத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியும். நாற்காலிகளைத் துடைக்கும்போது என் கண் தானாக அந்தக் கூரையைத் தேடும். விடியும்போது மெல்லியதாகப் புகை எழும். சரி, எழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காலை புகை இல்லை. எல்லா வீட்டிலும் இருந்தது, அந்த வீட்டில் இல்லை. காத்திருந்தேன். வெயில் எதிர் முகட்டைத் தொட்டபிறகும் இல்லை. தனிலாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள், மூச்சு இரைத்தது.

"பாத்துட்டேன். ஓடிட்டிருக்கேன். வெச்சுத் தொலை."

ஆட்கள் வரிசையில் நின்று கத்தினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்தக் கூரையிலிருந்து கறுப்பாக, அடர்த்தியாக, ஈர விறகை அவசரத்தில் திணித்ததுபோல ஒரு புகை கிளம்பியது. யார் மூட்டியது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்போதுமே பொறுமை இல்லை.

வேலை முடிந்து போனபோது சிஸ்தோ தலையணையில் சாய்ந்திருந்தார். காய்ச்சல். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். தனிலா சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அல்ல, தண்டனைபோல. ஒலீவா வாசலில் நின்றிருந்தாள்.

"உங்கிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கு," என்றார் சிஸ்தோ.

"இருந்துச்சு."

"மொத நாளே தெரியும். சாவி செய்யறவன் என் மச்சான்."

தனிலா கரண்டியை நிறுத்தினாள். "அப்ப ஏன் திருப்பிக் கேக்கல?"

"தனியா இருக்கறவன் வீட்டுச் சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கட்டுமேன்னுதான்." இருமினார். இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்தார். "உன் பெட்டியையும் எடுத்துட்டு வா தம்பி."

"வாடகைக்காரங்க..." என்று ஆரம்பித்தாள் ஒலீவா.

"வாடகை வேணாம்."

ஒலீவா யோசித்தாள். "காசு வாங்கலன்னா வீட்டு ஆளுங்கதான்," என்று முணுமுணுத்துக்கொண்டு தெருவைக் கடந்துபோனாள். அதை இருட்டுவதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தனிலாவின் முகத்தில் அந்தப் பழைய பார்வை வந்துவிட்டது. முட்டையை வெளிச்சத்தில் பிடிக்கிற பார்வை.

"காசு வேணாம்னா, அப்ப எங்ககிட்ட வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"நான் கண்ண முழிக்கறப்ப அடுப்பு எரியணும்," என்றார் சிஸ்தோ. "வேற ஒண்ணும் வேணாம்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மறுநாள் விடியும்போது படுக்கையில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அம்மா வீட்டுக்குத்தான் போய்விட்டாளோ என்று பதறி எழுந்தேன். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். தனிலா என் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருப் பனியில் நின்றிருந்தாள். எதிர்வீட்டு ஒலீவாவைப் போலவே கழுத்தை நிமிர்த்தி, எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.