இருபத்துநாலாவது பாடம்

"கணக்குலயும் பாஸ்க்கா! எல்லாம் முடிஞ்சுது!" தொலைதூரக் கல்வி அலுவலகத்தில், என் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே ஓடி வந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. திங்கட்கிழமை பட்டச் சான்றிதழைக் காட்டினால், மேல்மாடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ.

இருபத்துநாலு பாடம். பிள்ளைப்பேறு, மாமியாரின் பக்கவாதம், எல்லாவற்றுக்கும் நடுவே பத்து வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக முடித்தாள். சேர்ந்த அன்றும் இந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "எந்த வரிசையில வேணாலும் படிக்கலாம்மா, அவசரமே இல்ல. கணக்குன்னா பயமா? அதக் கடைசியா வெச்சுக்கோ" என்றேன். வைத்துக்கொண்டாள். இரண்டு தடவை தோற்று, மூன்றாவதில் தேறினாள்.

கணினியில் அவளுடைய முதல் பாடம் சிவப்பாக இருந்தது. தேறிய பாடம் பத்து வருடம்தான் செல்லுமாம். பத்தொன்பது நாளுக்கு முன் காலாவதி. விண்ணப்பத்தின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ஒருநாளும் படித்ததில்லை, பாவி.

உள்ளே போய் மேலதிகாரியிடம் கெஞ்சினேன். "ரூல்னா ரூல்தாம்மா" என்றார், தலையைத் தூக்காமல்.

வந்து சொன்னேன்.

"அத மட்டும் மறுபடி எழுதினா போதுமாக்கா?"

"அது முடிய ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள ரெண்டாவதும் போயிடும்மா."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பாவம்" என்றாள்.

"ஃபாரம் குடுங்க. ரெண்டையும் சேத்தே எழுதிடறேன்."

கொடுத்தேன். நின்றபடியே நிரப்பினாள். பாதியில் பேனா நின்றது.

"'இப்பாடத்தில் முன்பே தேறியவரா?'ன்னு கேட்டிருக்காங்க. என்னக்கா போடட்டும்?"

என் கண் கணினியில் இருந்த சிவப்பு வரிக்குப் போனது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். குனிந்து, பரீட்சைத் தாளில் எழுதுகிற கவனத்தோடு, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி 'இல்லை' என்று எழுதினாள்.