இரண்டாவது பாட்டில்

காகிதத்தில் இரண்டு பாட்டில். லேப் ரிஜிஸ்டரில் ஒன்று.

டாக்டர் அபிதகுஜாம்பாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, இரண்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த லேப். புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வரும் சதைத் துணுக்குகளைப் பார்த்து, ஆமா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. 2006-ஓடு இருபத்தாறு வருஷம்.

"எலியேசர், இந்தத் துலுக்காணம் கேஸ். சர்ஜன் ரெண்டு பாட்டில்னு எழுதியிருக்கார். இன்னொண்ணு எங்கே?"

டெக்னீஷியன் எலியேசர் கழுத்தைச் சொறிந்தார். "வந்தது ஒண்ணுதான் மேடம். திங்கக்கிழமை அவர் சம்சாரம் கொண்டாந்து கொடுத்தாங்க. நான் காகிதத்தைச் சரியாப் படிக்கலை."

"நான் படிச்சேன். நாலு நாள் கழிச்சு."

துலுக்காணம், ஐம்பத்தெட்டு வயது, கானத்தூர்க் கடற்கரையில் மீன்பிடிப்பவர். சிறுநீரில் ரத்தம் போனது. தாம்பரத்தில் சர்ஜன் கிரீஷ் குழாய் வழியாக உள்ளே போய்ச் சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார். மேலாக எடுத்த கட்டி ஒரு பாட்டிலில். அதன் அடியிலிருந்து ஆழமாக எடுத்த துணுக்குகள் இரண்டாவது பாட்டிலில்.

புற்றுநோய்தான், அதுவும் வேகமான ரகம். அதில் அபிதாவுக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. சிறுநீர்ப்பையின் உள்தோலுக்குக் கீழே தளர்வான ஓர் அடுக்கு. அதற்கும் கீழே தடித்த தசைச் சுவர். நோய் தளர்வான அடுக்கோடு நின்றிருந்தால் முதல் நிலை. சிறுநீர்ப்பையை வைத்துக்கொண்டே மருந்து செலுத்திப் பார்க்கலாம். தசைச் சுவரில் இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் சிறுநீர் வடிய வயிற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பையோடுதான் அந்த மனிதர் நடமாட வேண்டும்.

ஒரே ஒரு துணுக்கில், புற்றணுக்கள் தசை நார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. தசை இருக்கிறது, எனவே இரண்டாம் நிலை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தளர்வான அடுக்கிலும் மெலிந்த நார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடுவதுண்டு. இது அந்த மெலிந்த நாரா, தடித்த சுவரின் ஓரமா? சுரண்டிய கருவியின் சூட்டில் துணுக்கு கருகிச் சுருங்கிக் கிடந்தது. எந்தப் பாட்டிலில் வந்த துணுக்கு என்று தெரிந்தால் பாதி கேள்வி தீர்ந்துவிடும்.

"அந்தம்மாவுக்குப் போன் போடுங்க."

மறுநாள் காலை துலுக்காணத்தின் மனைவி முத்தாலம்மாள் கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் மீன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். கூடையைப் படியடியில் வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஆஸ்பத்திரியில எத்தனை பாட்டில் கொடுத்தாங்க?"

"ரெண்டு."

"இங்கே ஒண்ணுதான் வந்திருக்கு."

"ஷேர் ஆட்டோல வந்துகினு இருந்தேன் டாக்டரம்மா. ஒண்ணுல மூடி சரியில்ல, உள்ள ஊத்துன மருந்துத் தண்ணி ஒழுகிடிச்சி. கண்ணெல்லாம் எரியுது. டிரைவரு, 'இன்னாமா, மீனு அழுகிடிச்சா, எறங்கு'ன்றான். 'டேய், என் மீனு இப்டி நாறாது, இது ஆஸ்பத்திரி நாத்தம்'னு சொல்றேன். கேக்கல. பாதில எறக்கி வுட்டுட்டான்."

"அப்புறம்?"

"ஒழுவுன பாட்டில்ல இருந்தத்த நல்ல பாட்டில்ல போட்டு மூடிட்டேன். ஒரே ஆளோட சதைதானே. ஒரே மீனோட துண்டத்த ரெண்டு பையில குடுத்தா, ஒண்ணாப் போட்டுக்க மாட்டமா?"

எலியேசர் சுவரைப் பார்த்தார்.

"கருகின துண்டு எந்தப் பாட்டில்ல இருந்தது? ஞாபகம் இருக்கா? கொழகொழன்னு இருந்த சதையோடயா, கெட்டியா இருந்த சின்னச் சின்னத் துண்டுங்களோடயா?"

 முத்தாலம்மாள் டாக்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எத்த சொன்னா அவருக்கு நல்லது? சொல்லும்மா. அத்தயே சொல்றேன்."

அபிதா பேனாவை மூடினார். விசாரணை அதோடு முடிந்தது. இனி அந்த அம்மாள் எதைச் சொன்னாலும், புருஷன் பிழைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லுவார்.

மதியம் கிரீஷைப் போனில் பிடித்தார்.

"மேடம், உள்ளே போய்ப் பார்த்தவன் நான். அடிப்பாகம் கல்லு மாதிரி இருந்தது. செகண்ட் ஸ்டேஜ்னு எழுதுங்க. அடுத்த வாரமே எடுத்துடலாம்."

"நீங்க பார்த்தது சரியாவே இருக்கலாம் கிரீஷ். என் ஸ்லைடுல அது தெரியலையே."

"லேட்டாகி நோய் பரவிட்டா?"

"தேவையில்லாம எடுத்துட்டா?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அந்த ஆளும் சம்மதக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறார். 'நிச்சயமாத் தெரிஞ்சா எடு, சந்தேகத்துக்கெல்லாம் என் வயித்தக் கீறாத'ங்கறார்."

"அப்போ அவரும் என் கட்சி."

ரிப்போர்ட்டை அபிதா தன் கையாலேயே டைப் செய்தார். நோய் தளர்வான அடுக்கில் இறங்கியிருப்பது உறுதி. தசைச் சுவரைத் தொட்டதா என்பதை இந்தத் துணுக்குகளில் சொல்ல இயலவில்லை; இரண்டு பாட்டில்களும் கலந்துவிட்டன. மறுபடி ஆழமாக எடுத்து அனுப்பவும்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. சொல்ல இயலவில்லை என்று எழுதுவதற்கு எதற்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ்? மறு ஆபரேஷனுக்கு மூன்று வாரமாவது ஆகும். கிரீஷ் சொன்னது சரியென்றால், அந்த மூன்று வாரமும் நோய் சும்மா இருக்கப்போவதில்லை. தப்பென்றால், அதை நம்பி எழுதியதில் ஒரு மனிதர் சிறுநீர்ப்பையை வீணாக இழப்பார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஊகம்தான்.

போட்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு பாட்டில்கள் வந்தன. இந்த முறை ஆஸ்பத்திரி ஆளே கொண்டுவந்தார். எலியேசர் காகிதத்தை உரக்கப் படித்து, எண்ணிப் பார்த்து, இரண்டிலும் பெயர் ஒட்டி வாங்கினார்.

ஸ்லைடில் அதிக நேரம் ஆகவில்லை. ஆழத்திலிருந்து எடுத்த துணுக்குகளில் தடித்த தசைக் கற்றைகள், கருகாமல், தெளிவாக. அவற்றுக்கு நடுவே புற்றணுக்கள். இரண்டாம் நிலை.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்," என்றார் கிரீஷ், போனில்.

"சொன்னீங்க. இன்னிக்குத் தெரியுது."

கிரீஷ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நேத்து ஸ்கேன் எடுத்தேன். வெளியே எங்கேயும் பரவினதாத் தெரியலை. துலுக்காணத்துகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். அவருக்கு உங்களைப் பார்க்கணுமாம்."

சாயந்திரம் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். துலுக்காணம் மெலிந்த, உயரமான ஆள். நாற்காலியில் உட்காராமலே கேட்டார்.

"நீதானா, தெரியலன்னு எழுதுன டாக்டரு?"

"நான்தான்."

"என் ஆயுசுல எவனும் எங்கிட்ட தெரியலன்னு சொன்னதில்ல. போட்டு இன்ஜின் மெக்கானிக்கு கூட. இப்போ தெரிஞ்சிடிச்சா?"

"தெரிஞ்சுது. உட்காருங்க. சிறுநீர்ப்பையோட சுவர் இருக்கே, அது ஒரு வலை மாதிரி..."

"மீன் புடிக்கிறவன்னா வலைதானா? நேரா சொல்லும்மா."

அபிதா நேராகச் சொன்னார். நோய் தசையில் இறங்கிவிட்டது. சிறுநீர்ப்பையை எடுப்பதுதான் வழி.

"எடுத்தப்புறம் கடலுக்குப் போலாமா?"

"அதை சர்ஜனைக் கேளுங்க. எனக்குத் தெரியாது."

"பாரு, மறுபடியும் ஆரம்பிச்சிட்டா," என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

முத்தாலம்மாள் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணாப் போட்டதாலதானே இந்த மூணு வாரம் போச்சி?"

இல்லை என்று சொல்வது சுலபம். அந்த அம்மாளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"அதனாலயும்தான்," என்றார் அபிதா. "பிரிச்சு வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கலாம். துண்டு கருகியிருந்தது, தெரியாமலும் போயிருக்கலாம். ஏன் ரெண்டு பாட்டில்னு ஆஸ்பத்திரியில யாரும் உங்களுக்குச் சொல்லலை. இங்கே நாங்க எண்ணி வாங்கலை. இது மூணு பேர் தப்பு. ஸ்கேன்ல வெளியே பரவலைன்னு இருக்கு."

முத்தாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். துலுக்காணம் மனைவியின் தோளில் லேசாகத் தட்டினார்.

"வுடு. பேஜாராவாத. நீ மட்டும் ஒயுங்கா கொண்டாந்திருந்தா, நான் மட்டும் அன்னிக்கே ஒத்துகினு இருப்பனா?" பிறகு டாக்டரிடம் திரும்பினார். "இந்த தபா சந்தேகம் இல்லியே?"

"இல்லை."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரியின் சம்மதக் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். மூன்று வாரம் மடிந்தே கிடந்ததில் ஓரங்கள் சுருண்டுகொண்டன. எலியேசர் இடத்தைக் காட்டினார். துலுக்காணம் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுத ஆரம்பித்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல், முத்தாலம்மாள் அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.