தளர்ந்த கயிறு

"இவ்வளவு பெரிய குதிரை ஏன் அன்ரி சின்ன வெடிக்குப் பயப்பிடுது?"

நான்கு வருடங்களுக்கு முன்னர், பக்கத்து வளவு ஹலீமின் மகள் பஸ்னா கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அவளுடைய வாப்பாவின் லொறியிலிருந்து பவளம் நெடுங்கேணி மண்ணில் இறங்கி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. முல்லைத்தீவில் கலியாண ஊர்வலங்களுக்கு மாப்பிள்ளைகளைச் சுமந்த பெண்குதிரை. ஒரு ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, மாப்பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. அதன் பிறகு சொந்தக்காரருக்கு அது வேண்டாததாகிவிட்டது.

அதை வாங்கிக்கொண்ட கமலேஸ்வரி சிறுமியின் தலையைத் தடவினாள். "பெரிசெண்டாப் பயப்பிடக் கூடாதோ பிள்ளை?"

"அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"பக்கத்தில நிப்பன்."

இன்று கமலேஸ்வரி வீட்டு விறாந்தையில் பெட்டிக்குள் கிடந்தாள். நேற்று விடிய, கொள்ளு ஊறவைத்த சட்டியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவள் எழும்பவேயில்லை. அவளுடைய கணவர் சிவராசா குதிரைக் கொட்டிலில் நின்று, பவளத்தின் முகத்தில் கயிற்றை மாட்ட முயன்றுகொண்டிருந்தார். அது வழக்கம்போல அரை அடி விலகி நின்றது.

மகன் ஜனகன் வேலிக்கு அப்பால் நின்று சொன்னான். "அப்பா, பறைமேளம் வரப்போகுது. இதை ஹலீம் நானா வளவுக்குள்ள கொண்டுபோய்க் கட்டுவம். மிரண்டு சனத்துக்குள்ள பாய்ஞ்சா ஆர் பதில் சொல்லுறது?"

"பொறடா."

போன மாதம் கமலேஸ்வரி சொன்னது அவருடைய காதில் நின்றது. "என்ரை செத்தவீட்டு மேளத்துக்கும் பவளம் அசையாமல் நிக்கும். இருந்து பாருங்கோ."

"நீ போற அண்டைக்கும் குதிரைக்குச் சோதினையே?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கமலேஸ்வரியின் தகப்பன் நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர். எழுபத்தேழு இனக்கலவரத்தில் அவர்கள் வன்னிக்கு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் நெல்லும் உழுந்தும்தான். பவளம் வந்த பிறகு ஊர் அவளுக்குக் 'குதிரைக்காரி' என்று பட்டம் வைத்தது. அவள் கோபிக்கவில்லை. ஒரு தகர டின்னில் கல்லுப் போட்டு, யாரையாவது குளக்கட்டில் நின்று மெல்லக் குலுக்கச் சொல்வாள். தான் குதிரையின் தோள்பக்கம் கையில் ஒரு பிடி கொள்ளோடு நிற்பாள். அதன் காது தளர்ந்தால் கை உயர்த்துவாள். டின் பத்து அடி கிட்ட வரும். காது பின்னால் மடங்கினால் டின் திரும்பிப் போகும். கயிற்றை அவள் ஒருநாளும் இறுக்கிப் பிடித்ததில்லை.

டின்னிலிருந்து பறைக்கு வர ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்கிடையில்தான் சிவராசா அதைச் செய்தார்.

வயலுக்குள் யானை இறங்கிய ஒரு மாலையில், பதற்றத்தில், கொட்டில் அருகே நின்றே யானை வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டார். யானை போனது. பவளமும் முள்ளுக்கம்பியைப் பிய்த்துக்கொண்டு காட்டோரம் ஓடியது. இரண்டு நாள் கழித்து, இடது பின்னங்காலில் நீளமான கிழிசலோடு கமலேஸ்வரிதான் அதை நடத்தி வந்தாள். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் காலை, பழைய டின்னைத் தேடி எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். காய்ந்த தழும்புக்கு ஒவ்வொரு மாலையும் வேப்பெண்ணெய் பூசுவதும் அவளே. அந்தக் காலைத் தொட அவருக்கு மனம் வந்ததில்லை. பவளமும் அவரை அந்தப் பக்கம் விட்டதில்லை.

குதிரையைப் பழக்க அப்போது பறை அடித்த ராஜரத்தினம், தோளில் அதே பறையோடு வாசல் படலையடியில் வந்து நின்றார். கொட்டிலையும் குதிரையையும் பார்த்தார்.

"எங்கையிருந்து துவங்கிறது சிவராசண்ணை?"

சிவராசாவுக்கு விளங்கவில்லை.

"அக்கா எண்டால் குளக்கட்டில இருந்துதானே துவங்கச் சொல்லுவா." பதிலுக்குக் காத்திராமல் அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

சிவராசா ஒரு பிடி கொள்ளை உள்ளங்கையில் எடுத்து நீட்டினார். பவளம் இப்போது முகத்தைக் கொடுத்தது. கயிற்றை மாட்டி, கையில் மிச்சக் கொள்ளோடு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். படலையில் ஹலீம் போய் நின்றுகொண்டான். "கை காட்டுறது நான், அண்ணை. நீங்கள் காதைப் பாருங்கோ."

தூரத்தில் பறை மெல்ல ஒலித்தது. பவளத்தின் தோல் சிலிர்த்தது. சிவராசாவின் கை தானாகவே இறுகியது. இறுகியது தெரிந்ததும் அவர் விரல்களைத் திறந்தார். கயிறு தொய்ந்து விழுந்தது. கொள்ளு வாசம் குதிரையின் மூக்குக்குப் போனது. காது தளர்ந்தது. ஹலீம் கை உயர்த்தினான். மேளம் பத்து அடி நடந்தது.

"பிரேதம் எடுக்க நேரமாகுதல்லோ?" என்று ஒரு கிழவர் முனகினார்.

"அவா ஒரு நாளும் அவசரப்பட்டவாவே? இண்டைக்கு மட்டும் என்னத்துக்கு?" என்று ஒரு பெண் சொன்னாள்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு திருநீற்றுத் தட்டை ஒரு பக்கமாக வைத்துவிட்டு அமர்ந்தார். வெடிப்பெட்டியோடு வந்த பெடியளில் ஒருவன் அதைக் கொண்டுபோய் மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள் பூட்டினான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கோயிலுக்கு வரம் கேட்டு வரும் பெருங்கூட்டத்தின் நடுவில், ஒரு பிடி கொள்ளோடு நான்கு வருடம் நின்றவளையும் கடவுள் பார்த்துத்தான் இருந்திருப்பார்.

மேளம் படலைக்குள் வந்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. ராஜரத்தினம் பறையை முழுக் கையால் அடித்தார். முற்றம் அதிர்ந்தது. பவளம் தலையை ஒருதரம் உயர்த்தியது. நான்கு காலும் மண்ணில் நின்றன.

பெட்டி தூக்கப்பட்டது. குதிரை பின்னால் நடந்தது. வீட்டு ஒழுங்கை தெருவில் முடியும் வரை நடந்தது.

வவுனியாவிலிருந்து வந்த ஜனகனின் சிநேகிதன், "ஆர் இதைப் பழக்கினது?" என்று கேட்டான்.

"அம்மா," என்றான் ஜனகன். பிறகு, அது போதாது என்று பட்டதுபோல நிமிர்ந்து, இன்னும் உரக்கச் சொன்னான். "குதிரைக்காரி. என்ரை அம்மா."

சுடலையிலிருந்து வந்து குளித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. உறவுக்காரர் குசினிப் பக்கம் தேத்தண்ணியோடு இருந்தார்கள். சிவராசா ஈர வேட்டியோடு கொட்டிலுக்குப் போனார். கூரை வளையில் கமலேஸ்வரி தொங்கவிட்டிருந்த வேப்பெண்ணெய்ப் போத்தல் அப்படியே இருந்தது. கயிற்றை அவிழ்த்து வைக்கோலில் போட்டார். பவளத்தின் இடதுபக்கமாகச் சுற்றி வந்தார்.

அது விலகவில்லை.

முழந்தாளிட்டு, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, தழும்பின் மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார். நீளமான தழும்பு. அது முடியுமிடம் வரை தடவினார். பிறகு மறுபடியும் மேலிருந்து.

தூர எங்கோ ஒரு வயலில் யானை வெடி வெடித்தது. பவளத்தின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய பக்கம் திரும்பி வந்தது.