ஒன்று ஆமாம், இரண்டு இல்லை

மாலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அவள் எடுத்து, வாய் திறக்காமல், நகத்தால் அதன்மேல் ஒரு முறை தட்டினாள். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. தொண்டை வீங்கியிருக்கிறது, நாலு நாளைக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் செய்துகொண்ட ஏற்பாடு இது. வெளியூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால், இதைச் சொல்லி அவள் அனுப்பிய குறுஞ்செய்தியை அங்கே பக்கத்து வீட்டு அக்காதான் படித்துக் காட்டினாள்.

"இருக்கியாடி?"

டக்.

"சாப்டியா?"

டக். பொய்தான். நாக்கால் சொல்வதைவிட விரலால் பொய் சொல்வது சுலபம் என்று இந்த நாலு நாளில் கண்டுகொண்டிருந்தாள்.

ஒன்பது வருடமாக டப்பிங் தியேட்டரில் அவளுக்குக் கும்பலில்தான் இடம். சந்தையில் கூவுகிறவள், சாவு வீட்டில் அழுகிறவள், பஸ்ஸில் சண்டை போடுகிற நாலாவது பெண். 'அதோ, அது நான்தான்' என்று அவளே சொன்னாலும் யார் காதுக்கும் பிடிபடாது. இப்போதுதான் வருடக்கணக்கில் ஓடப்போகிற வானொலி நாடகம் ஒன்றில் கதாநாயகி வேடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு. இதையும் கோட்டைவிட்டால் கும்பலிலேயே கிழவியாக வேண்டியதுதான். அதனால் பால்காரரிடம்கூடக் கையைக் காலை ஆட்டித்தான் பேசினாள். அந்த அறையில் நாலு நாளாக வாய் ஓயாமல் பேசியது மின்விசிறி மட்டும்தான்.

"நாளைக்குக் காலைல கண்ணுல கத்தி வைக்கறாங்க. அரை மணி நேர வேலைதானாம். பக்கத்து வீட்டு அக்கா கூட வரா," என்றாள் அம்மா. "பயமா இருக்குடி. 'அம்மா'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லேன். அது போதும்."

ஒரு சொல்தான். ஆனால் அதை ஆரம்பித்தால் அழுகையில்தான் போய் முடியும், அழுதால் விடியும்போது தொண்டை கரகரவென்று ஆகிவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை தட்டினாள்.

"சரி சரி, உன் வேலைய பாரு," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். "முதல் காட்சி. வெளில போயிட்டு வர்றீங்க, கதவு திறந்து கெடக்கு. அம்மாவ கூப்பிடுங்க. வேற வசனம் இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளில் மூன்றே எழுத்து. கொஞ்சலாக, சலிப்பாக, தேடுகிற மாதிரி, பயந்த மாதிரி என்று எட்டுத் தடவை கூப்பிட வைத்தார். நாலு நாள் பூட்டி வைத்த குரல் பிசிறில்லாமல் வந்தது. யாரோ ஒருவருடைய அம்மாவை எட்டுத் தடவை கூப்பிட்டாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "இத்தன நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க? நீங்கதான் கதாநாயகி."

வராந்தாவுக்கு ஓடிவந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். நர்ஸ் எடுத்து, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இதோ குடுக்கறேன் என்றாள்.

"அம்மா! அம்மா, கெடச்சிடுச்சும்மா!"

டக்.

"பேசேம்மா. உன்னையும் பேசக் கூடாதுன்னுட்டாங்களா?"

டக், டக்.

"எம்மேல கோபமா?"

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போனது. யாரோ இருமினார்கள்.

டக்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இரண்டாவது தட்டுக்காக அவள் காத்து நின்றாள்.