கேப்டனுக்கு ஒரு வீரவணக்கம்

பட்டாளத்தில் பல வருஷம் இருந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அங்கே பார்த்தது குமாஸ்தா வேலை என்பதை மட்டும் சொல்லமாட்டேன். கோவாவில் இருந்தபோது பழைய புத்தகக் கடையில் டுவார்ட்டே என்ற போர்த்துக்கீசியக் கேப்டனின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே, நாட்டுக்கு ராஜா வேண்டாம், குடியரசு வேண்டும் என்று எழுதி ஜெயிலுக்குப் போனவர். எனக்கு அவர்மேல் பித்து பிடித்துவிட்டது.

ஓய்வுபெற்று ஜெயங்கொண்டம் வந்ததும் நானும் அரசியல் எழுதினேன். நான்கு பக்கப் பத்திரிகை. முதல் இதழிலேயே, கீழப்பழுவூரில் இருக்கும் என் அண்ணன் கண்ணையனின் கட்சியை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். யாரோ அவரிடம் படித்துக் காட்டிவிட்டார்கள்.

“உன் சாவுக்குத்தான்டா இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

போய்ப் பேசிவிட்டு வரச்சொல்லி மனைவி மலர்க்கொடி கெஞ்சுவாள். கேப்டன் ராஜாவுக்கே பணியவில்லை, நான் கண்ணையனுக்குப் பணிவதா என்பேன். உள்ளுக்குள் அண்ணனைப் பார்க்காமல் ஏங்கிப்போயிருந்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கேப்டனின் நினைவு நாளுக்குக் கூட்டம் போட நினைத்து, போஸ்டர் அடிக்கக் கொடுத்தேன். போஸ்டர் போடுகிறவன் தன் படத்தையும் போட்டுக்கொள்வது நம் வழக்கம். ராணுவ உடுப்பில் எடுத்த என் படத்தைக் கீழே ஓரமாகப் போடச் சொன்னேன். கேப்டன் படம் கிடைக்கவில்லை. நடுவில் வெறுமையாக இருந்தால் லட்சணமாக இருக்காது என்று அச்சகத்து அமிர்தலிங்கம் என் படத்தையே அங்கே பெரிதாக வைத்து, சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, மேலே ‘வீரவணக்கம்’ என்று போட்டுவிட்டார். கேப்டன் டுவார்ட்டே பெயர் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. தப்பு என்று தெரிந்தது. ஆனால் படத்தில் ஆள் எடுப்பாக இருந்தேன். ஒட்டச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டு முன்னால் ஜனம். என் கூட்டம் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. நான் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்ததும் சிலருக்கு முகம் விழுந்துவிட்டது. மாலையோடு வந்த சாமிக்கண்ணு, இதை என்ன பண்ணுவது என்று என்னிடமே கேட்டார்.

சேதி பஸ் ஏறிக் கீழப்பழுவூர் வரை போயிருக்கிறது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார், காலில் செருப்புகூட இல்லை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிட்டே வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“யாருடா இந்த டுவார்ட்டே? அப்படி என்னடா பண்ணுனாரு?”

இந்தக் கேள்வியை ஊரில் ஒருத்தராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்தவன் நான். மணிக்கணக்கில் பேசச் சரக்கு வைத்திருந்தேன். “அண்ணே” என்றேன். அதற்குமேல் முடியாமல், ஊர் பார்க்க அழுதுவிட்டேன்.